அக்கா வாய் மூடியிருந்த ஒன்பது நொடி

மாஸ்டர் என் அறைக்குள் வந்ததும் முதலில் கதவைத் தாழிட்டார். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பகல் பதினொரு மணி. என் அறை இருப்பது மூன்றாம் மாடியில். ஜன்னலுக்கு எதிரே ஒரு குடோனின் மொட்டைச் சுவர் மட்டும்தான். எட்டிப் பார்க்க அங்கே காக்கை கூட உட்காராது. மாஸ்டருக்கு அந்தச் சுவர்மேலும் சந்தேகம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மெல்லிசைக் குழுவை நடத்துபவர். குழுவினர் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்ரே. யாரைப் பார்த்தாலும் எலும்புவரை பார்ப்பார். அந்தக் குழுவின் முதன்மைப் பாடகி என் அக்கா. பதினெட்டு ஆண்டுகளாக அவள்தான்.

"தம்பி, ஒரு வேலை இருக்கு. ஆனா உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

"அப்ப வேற ஆளப் பாருங்க மாஸ்டர்."

"வேற ஆளப் பார்த்தா எனக்கு அந்த ஆள் மேலயே சந்தேகம் வரும். உன்கிட்ட அந்தத் தொல்லை இல்ல. நீ பொய் சொன்னா காது சிவக்கும். உங்க அக்காவே சொல்லியிருக்கா."

காது விஷயம் உண்மைதான். சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும் என் காதைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அவர் கைப்பேசியில் ஒரு காணொளியை ஓட்டினார். போன வாரம் ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் நடந்த கச்சேரி. அக்கா பாடுகிறாள். இரண்டாம் சரணத்தில் குரல் உச்சிக்கு ஏறும் ஒரு வரி இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அவள் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாள். கூட்டம் பாடுகிறது. ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியும் அக்காவின் வாய் மூடியிருக்கிறது. பக்கத்திலிருந்து எடுத்த படம் என்பதால் உதடு தெளிவாகவே தெரிந்தது.

"இப்ப இதக் கேளு" என்றார்.

ஒலி கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த அதே கச்சேரியின் ஒலிப்பதிவை, ஏதோ ஓர் இலவசச் செயலியில் போட்டுக் குரலை மட்டும் பிரித்து வைத்திருந்தார். அதே ஒன்பது நொடி. கூட்டத்தின் இரைச்சல். அதற்கு அடியில், மெலிதாக, சுருதி பிசகாமல் ஒரு பெண் குரல் அந்த வரியை முழுதாகப் பாடியது.

"வாய் மூடியிருக்கு, பாட்டு ஓடுது. என்ன அது?"

நான் கைப்பேசியை வாங்கி அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன். மாஸ்டர் காத்திருக்கவில்லை.

"நான் சொல்றேன். உங்க அக்கா தன் குரல முன்னாடியே பதிவு பண்ணி அடியில ஓட விடுறா. பாதிய அவ பாடுறா, பாதிய அது பாடுது. நாப்பத்தாறு வயசாச்சு. அந்த மேல் வரி என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

குழுவின் சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மேடையில் எந்த வாத்தியமும் இயந்திரத்திலிருந்து வரலாம், குரல் வரக் கூடாது. மாஸ்டர் விழா நடத்துகிறவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் வாயசைத்த ஒரு பாடகரை இடைவேளையிலேயே பையோடு அனுப்பிவைத்தவர் அவர்.

"அடுத்த மாசம் டூர் கிளம்புது. நாலு மாசம். சனிக்கிழமை ஒத்திகைக்குள்ள நீ சுத்தமாப் பிரிச்சுப் பார்த்துச் சொல்லு. அது குரல்தான்னா டூர்ல அவ இல்ல. டூர்ல மட்டுமில்ல, என்கூட எங்கயும் இல்ல."

இரண்டு கச்சேரிகளின் ஒலிப்பதிவை என் மேசைமேல் வைத்துவிட்டு, தாழைத் திறந்து, வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

பாட்டைப் பிரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். குரல் இல்லாத பாட்டு வேண்டும், பாட்டில்லாத குரல் வேண்டும், டிரம்ஸ் மட்டும் வேண்டும் என்று வருவார்கள். ஒருமுறை கலந்த சாயத்தை மறுபடி மஞ்சளாகவும் நீலமாகவும் பிரிக்க முடியாது என்றுதான் பல காலம் எல்லோரும் நம்பியிருந்தோம். இப்போது மென்பொருள் அதைச் செய்கிறது. எப்படி என்றால், முதலில் ஒலியைப் படமாக வரைந்துகொள்கிறது. இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. அந்தப் படத்தில் டிரம் அடி செங்குத்துத் தூண் மாதிரி நிற்கும். பேஸ் கிட்டார் அடிவாரத்தில் தடித்த கோடாகக் கிடக்கும். மனிதக் குரல் நடுவில் தலைமுடி போல நெளிந்து நெளிந்து போகும். ஆயிரக்கணக்கான பாட்டுகளையும், அவற்றின் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகவும் காட்டிக் காட்டி அந்த மென்பொருளைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் அது ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, 'இதில் முக்கால் பங்கு குரல், கால் பங்கு வயலின்' என்று பங்கு போடுகிறது.

பங்கு என்றாலும் அது ஊகம்தான். இதை வாடிக்கையாளர்களிடம் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதனால் நான் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆக, அந்த ஊகம் தவறியிருக்கும் என்பதுதான் என் முதல் நம்பிக்கை. வயலினும் பெண் குரலும் படத்தில் ஒரே உயரத்தில் நெளியும். இலவசச் செயலி ஏமாந்து வயலினைக் குரல் பக்கம் தள்ளியிருக்கும். என்னிடம் இருக்கும் நல்ல மென்பொருளில் போட்டேன். பெண் குரல் போகவில்லை, இன்னும் தெளிவாக வந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டேன். வயலினுக்கு 'ச' என்ற எழுத்தை உச்சரிக்கத் தெரியாது. இதற்குத் தெரிந்திருந்தது.

மனிதக் குரல்தான். அக்காவின் குரல்தான்.

கூட்டத்தில் யாராவது அவளைப் போலவே பாடியிருக்கலாமே? அதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. ஒரு பதிவை அப்படியே தலைகீழாக்கினால், முன்னே போக வேண்டிய இடத்தில் பின்னே போகும். அசலையும் தலைகீழையும் ஒன்றாக ஓட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும், மௌனம்தான் மிஞ்சும். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் அப்படி. உயிருள்ள மனிதர் ஒரே வரியை ஒரே மாதிரி இரண்டு முறை பாடவே முடியாது. மயிரிழை வித்தியாசம் வந்துவிடும். இயந்திரத்திலிருந்து வந்தது மட்டும்தான் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வரும்.

இரண்டு கச்சேரியிலும் அக்கா அதே வரியில்தான் மைக்கை நீட்டியிருந்தாள். இரண்டு ஒன்பது நொடிகளையும் வரிசையாக நிறுத்தி, ஒன்றைத் தலைகீழாக்கி, ஓட்டினேன்.

கூட்டத்தின் இரைச்சல் அப்படியே இருந்தது. பெண் குரல் ஏறக்குறைய கரைந்து போயிருந்தது.

அப்படியானால் பதிவுதான். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது, அதை அப்படியே குடித்தேன்.

புதன்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"என்னடா, கூப்பிடாமலே வந்திருக்க? உன் கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?"

"சும்மாதான்க்கா. தொண்டை எப்படி இருக்கு?"

துண்டு விலகியது. சிவந்த முகம், வியர்வை. "என் தொண்டையப் பத்தி நீ எப்படா விசாரிச்சிருக்க?"

சுவரில் குழுவின் பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அரங்கில் எடுத்தது. அப்போது குழுவில் மூன்று வயலின்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்க, அக்கா மட்டும் வாயை இறுக்கி மூடியிருந்தாள். அக்காவைப் பார்க்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அந்த ரெண்டாம் சரணம்... மேல போற வரி. அங்க ஏன் மைக்க நீட்டுற?"

"கூட்டத்துக்குப் பிடிக்குது, நீட்டுறேன்."

"கஷ்டமா இருக்கறதால இல்லையே?"

அவள் பாத்திரத்தின் மேல் மூடியைப் போட்டாள். மெதுவாகத்தான் போட்டாள். சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"எக்ஸ்ரே உன்கிட்ட வந்தாரா?"

நான் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு வாரமா என் வாயையே பார்த்துட்டு நிக்கிறார் மனுஷன். பல் டாக்டர் கூட இப்படிப் பார்க்க மாட்டாரு. என்னவாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடக் கூடாது என்று மாஸ்டர் சொன்னது அக்கா வீட்டில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தலைகீழாக்கும் சோதனையை விளக்கும்போது எனக்கே தெரியாமல் உற்சாகமாகிவிட்டேன், கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா விளக்குற. அந்த வரிய மைக்க நீட்டாத நாள்ல நான் முழுசாப் பாடுறேன்டா. பாட்டுல அதே வரி இன்னும் ரெண்டு தடவ வரும்ல, அங்கயும் பாடுறேன். எவன் குரலும் எனக்கு வேண்டாம், என் குரலே கூட. நான் எதையும் ஓட்டல."

"நம்புறேன்க்கா."

அவள் என் இடது காதைப் பார்த்தாள். பிறகு வலது காதை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தாள்.

"கிளம்பு. நான் ரெண்டாவது தடவ ஆவி பிடிக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது சந்தேகம் வரிசையாக ஒவ்வொருவர் மேலும் போய் உட்கார்ந்தது. அந்தப் பாட்டுக்கு இயந்திரத்தை ஓட்டுபவர் டிரம்மர். இடி என்று கூப்பிடுவார்கள். அவர் அக்காவுக்குத் தெரியாமல் ஏதாவது சேர்த்திருப்பாரா? அக்காவை வெளியேற்ற இரண்டாவது பாடகி செய்த வேலையா? மாஸ்டரே ஏற்பாடு செய்து, கேட்பவர் போல நடிக்கிறாரா? ஒவ்வொன்றும் பொருந்தியது. அதுதான் பயமாக இருந்தது.

அறைக்கு வந்து மறுபடி அந்த ஒன்பது நொடியைக் கேட்டேன். இந்தமுறை யார் குரல் என்று பார்க்கவில்லை. எப்போதைய குரல் என்று பார்த்தேன். அந்த 'ச' வரும் இடத்தில் ஒரு மெல்லிய விசில் இருந்தது. பல்லிடுக்கில் காற்று போகிற சத்தம்.

அக்காவுக்கு இப்போது பல்லிடுக்கு கிடையாது. முன்பு, இரண்டே வாரம் இருந்தது. இடி மைக் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மைக் அவள் முன்பல்லில் மோதி, பாதிப் பல் தெறித்துப் போனது. புதுப் பல் கட்டுவதற்குள் ஒரு பெரிய கச்சேரி வந்துவிட்டது. அவள் அப்படியே பாடினாள், படத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்துக்கு. அந்தக் கச்சேரிப் பதிவை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. விசில் கேட்டாலே உடம்பெல்லாம் கூசும் என்பாள். தன் குரலுக்கு முட்டுக்கொடுக்க அவள் பதிவு தேடினாலும், உலகத்திலேயே தொடவே மாட்டாத ஒரே பதிவு அதுதான்.

அந்தப் பதிவைத் தொட்டது நான்.

வயலின்காரர்கள் மூவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறு வேலைக்குப் போனார்கள். அந்த வயலின் இல்லாமல் பாட்டு நிற்காது. மாஸ்டர் என்னிடம் வந்தார். நான் அந்த அரங்குப் பதிவிலிருந்து குரலை நீக்கி, வயலின்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். "துடைச்சு எடுத்துட்டேன் மாஸ்டர், பளிங்கு மாதிரி இருக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்தக் கோப்பைத்தான் இடி ஒவ்வொரு கச்சேரியிலும் ஓட்டுகிறார்.

கோப்பைத் திறந்து, அந்த வரிக்குப் போய், ஒலியளவை மேலே மேலே ஏற்றினேன். வயலின்களுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல, அக்கா. விசிலோடு.

எப்படி நடந்தது என்பது சுலபம். அரங்கில் பாடினால் குரல் நேராகவும் மைக்குக்கு வரும், சுவரில் மோதித் திரும்பியும் வரும். மென்பொருள் நேராக வந்த குரலை அடையாளம் கண்டு பிடுங்கிவிடும். சுவரிலிருந்து திரும்பியது கொஞ்சம் தேய்ந்து, நீண்டு, மங்கலாக இருக்கும். அதை 'இது வயலினைச் சேர்ந்தது' என்று விட்டுவிடும். ஆணியில் மாட்டியிருந்த படத்தை எடுத்த பிறகும் சுவரில் அதன் சதுரத் தடம் தெரியும் இல்லையா, அதைப் போல. ஆழமாகச் சுரண்டும்படியும் அதற்குச் சொல்லலாம். ஐந்து படிகள் இருக்கின்றன. ஐந்தாம் படியில் தடமும் போகும், வயலினிலும் கீறல் விழும். நான் மூன்றாம் படியோடு நிறுத்தியிருந்தேன்.

ஒரு வழி இருந்தது. ஐந்தாம் படியில் புதிதாகச் செய்து, யாருக்கும் தெரியாமல் இடியிடம் கொடுத்து மாற்றிவிட்டு, 'செயலி செய்த பிழை மாஸ்டர்' என்று முடித்துவிடலாம். என் தொழில் பெயரும் பிழைக்கும். ஆனால் மாஸ்டர் அந்தப் பதிவுகளை வைத்திருக்கிறார். அக்காவின் மேல் அந்தச் சந்தேகம் கறையாக நிற்கும். காது வேறு இருக்கிறது.

சனிக்கிழமை ஒத்திகை, ஒரு மரச்சாமான் கடையின் மாடியில். கீழே இழைப்பு இயந்திரம் ஓடி ஓய்ந்த இடைவெளிகளில்தான் பாட முடியும். அக்கா ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி.

"சொல்லு" என்றார் மாஸ்டர். "குரலா, இல்லையா?"

"குரல்தான் மாஸ்டர். பதிவுதான். அக்காவோடதுதான்."

அக்கா எழுந்தாள். நான் அவசரமாகத் தொடர்ந்தேன். "ஆனா ஓட்டினது அவ இல்ல. நான்."

பல் முதல் சுவர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார்.

"அக்காவக் காப்பாத்தக் கதை கட்டுற."

"எல்லாரும் சும்மா இருங்க" என்றேன். "இடி அண்ணே, அந்த வயலின மட்டும் ஓட்டுங்க. சத்தத்த முழுசா ஏத்துங்க."

இடி பொத்தானை அமுக்கினார். வயலின்கள் அறையை நிறைத்தன. அந்த வரி வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரின் ஆழத்தில் ஒரு பெண் பாடினாள். விசில் அடித்தது.

"என் பல்லு!" என்று அக்கா கத்தினாள்.

"ஐயையோ" என்றார் இடி. "பல்ல உடைச்சதும் நான், ரெண்டு வருஷமா பட்டன அமுக்கி அந்தப் பிசாச எழுப்பினதும் நானா?"

மாஸ்டர் அக்காவின் அருகில் போனார். "வாயத் தொற. பல்லக் காட்டு."

"எக்ஸ்ரே எடுக்கப் போறீங்களா மாஸ்டர்?" என்று அக்கா கேட்டாள். பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பெயரை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இடி குனிந்து டிரம் குச்சியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. மாஸ்டர் பல்லைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். கட்டிய பல்தான்.

"சரி" என்றார். "இவ மேல தப்பில்ல. டூருக்கு வர்றா." என் பக்கம் திரும்பினார். "பளிங்குன்னு சொன்ன."

"சொன்னேன் மாஸ்டர்."

"இனிமே நீ குடுக்குற எதையும் நான் ரெண்டு தடவ கேட்பேன்."

"கேளுங்க."

ஐந்தாம் படியில் சுரண்டிய புதுக் கோப்பைக் கொண்டுவந்திருந்தேன். இடி அதைப் போட்டார். கீழே இழைப்பு இயந்திரம் நின்றது. அக்கா பாடினாள். இந்தமுறை மைக்கை யாரிடமும் நீட்டவில்லை, அந்த வரியை முழுதாகப் பாடினாள்.

சுருதி விலகவில்லை. ஆனால் குரல் தனியாக நின்றது. துணிக்கு அடியில் தைத்திருந்த உள்துணியை உருவிவிட்டது போல மெலிந்திருந்தது. உச்சியில் ஒரு நொடி நடுங்கியது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். இடி தன் குச்சியைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக எல்லோர் காதும் பழகியிருந்தது எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பழசையே வேணும்னா..." என்று மாஸ்டர் தொடங்கினார். அவர் வாயிலிருந்தா இது வருகிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "சுருதிய அரைக் கட்டை இறக்குங்க. அந்த வயலினையும் இறக்க முடியுமாடா?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு வருஷமா நீங்க இறக்கச் சொன்னீங்க மாஸ்டர், நான்தான் மாட்டேன்னேன். எனக்கு வருதுன்னு நினைச்சேன்."

இறக்கிக் கொடுத்தேன். அவள் பாடினாள். நடுக்கம் இல்லை. மாஸ்டர் தலையசைத்துவிட்டுத் தன் நோட்டில் அந்தப் பாட்டின் எதிரே புதுச் சுருதியை எழுதினார்.

ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்தாள். கடை வாசலில் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஒண்ணு கேட்கிறேன். வேணும்னுதான் விட்டியா?"

"எத?"

"நடிக்காத. அஞ்சு படி இருக்குன்ன. மூணோட ஏன் நிறுத்தின? எனக்கு மேல வரலன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சு, அடியில எதையாவது வச்சுட்டுப் போவோம்னு..."

"இல்லக்கா. வயலின்ல கீறல் விழுமேன்னுதான்."

அது உண்மை. ஆனால் அன்று மூன்றாம் படியில் கேட்டபோது, 'இதில் பாட்டு நிறைவாக இருக்கிறது' என்று எனக்குள் ஓடியதும் ஞாபகம் வந்தது. எந்த நிறைவு, யாருடையது என்று அன்று நான் தேடவில்லை. நான்காம் படியை ஒருமுறை போட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இப்போது யோசித்தால், என்னைப் பற்றியே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

காது சுட்டது.

அக்கா அதைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நம்புறேன்டா" என்றாள். புதன்கிழமை நான் அவளிடம் சொன்ன அதே குரலில்.